திறக்கும்போதே பிரித்துவிடுங்கள்: பழைய காரின் கதவுப் பூட்டும் பானெட் பூட்டும்

காரின் பதிவைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில், எனக்குப் பின்னால் பதினோரு வண்டிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மோட்டார் வாகன ஆய்வாளர் ‘பானெட்டைத் திறங்கள்’ என்றார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த நெம்புகோலை இழுத்தேன். வழக்கமான ‘டக்’ சத்தம் வரவில்லை. அறுந்த பட்டத்தின் நூல் மாதிரி அது தளர்ந்து கையோடு வந்தது. என் காரில் சேசிஸ் எண் பானெட்டுக்கு உள்ளேதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட முடியாது. ‘சரிசெய்துகொண்டு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

என் கார் 2009-இல் பதிவான சிறிய ஹேட்ச்பேக். பானெட் நெம்புகோல் நான்கு மாதமாகவே இறுகியிருந்தது. இரண்டு முறை இழுத்தால்தான் திறக்கும். இடது பின்கதவோ ஓராண்டாக உள்ளிருந்து திறக்கவே இல்லை. அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் தள்ளிப்போட்டிருந்தேன். கடைசியில் மூன்று வாரமும் 8,350 ரூபாயும் போயின. அதில் 3,500 ரூபாய்க்கு மேல் என் சோம்பலுக்குக் கட்டிய அபராதம்தான். உங்கள் காருக்கும் பத்து வயது தாண்டிவிட்டதென்றால், கீழே உள்ள முதல் இரண்டு படிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பாருங்கள்.

1. கதவைத் திறந்துவைத்துப் பூட்டைச் சோதியுங்கள்

பட்டறைக்குப் போவதற்கு முன் பழுது எங்கே என்று நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் போனால் ‘முழு லாக்கையும் மாற்ற வேண்டும்’ என்பார்கள், நீங்களும் தலையாட்டுவீர்கள்.

கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் பூட்டின் வாயைப் பாருங்கள். உள்ளே ஒரு நகம் போன்ற இரும்பு இருக்கும். கார்த் தூணில் பதித்திருக்கும் கொக்கியை அந்த நகம்தான் கவ்விப் பிடிக்கிறது. ஒரு திருப்புளியை எடுத்து, கொக்கி வந்து மோதுவதுபோல நகத்தை உள்ளே தள்ளுங்கள். ‘க்ளிக்’, இன்னும் கொஞ்சம் தள்ளினால் மறுபடி ‘க்ளிக்’. இரண்டு சத்தம் கேட்க வேண்டும். முதலாவது அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. ஒன்றோடு நின்றால், ஓடும்போது கதவு மூடியது போலத் தோன்றினாலும் முழுதாகப் பூட்டவில்லை என்று பொருள்.

இப்போது வெளிக் கைப்பிடியை இழுங்கள். நகம் சட்டென்று துள்ளித் திரும்ப வேண்டும். மறுபடி நகத்தைப் பூட்டி, இந்த முறை உள் கைப்பிடியை இழுங்கள். வெளியே இழுத்தால் திறக்கிறது, உள்ளே இழுத்தால் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பூட்டு நன்றாக இருக்கும்; உள் கைப்பிடியிலிருந்து வரும் ராடு அல்லது கேபிள்தான் கழன்றிருக்கும். நேர்மாறாக இருந்தால் வெளிக் கைப்பிடியின் ராடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கலாம், அல்லது கைப்பிடியே உட்புறம் விரிசல் விட்டிருக்கலாம். எதை இழுத்தாலும் நகம் சோம்பேறித்தனமாகத் திரும்பினால் பழைய கிரீஸும் புழுதியும் சேர்ந்து களிம்பாகிவிட்டன. அதற்கு அழுக்கு எடுத்தாலே பெரும்பாலும் போதும்.

சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நகத்தைத் திறந்த நிலையில் விட்டுவிடுங்கள். மறந்துவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால் மூடிய நகம் கொக்கியில் மோதும். இரண்டில் ஒன்று வளையும். கதவு திடீரென்று மூட மறுத்தால் பலரும் செய்வது ஓங்கி அறைவதுதான். அறைவதற்கு முன் நகம் மூடியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லையா? முதலில் பூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குழந்தைப் பூட்டின் சிறு நெம்பைப் பாருங்கள். என் நண்பர் ஒருவர் இதற்குப் பட்டறையில் 900 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தார். கழுவும்போது யாரோ துணியால் அதைத் தட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று: கதவைப் பாதி திறந்து, ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கீல் தேய்ந்து கதவு இறங்கியிருக்கிறது. இதற்குப் பூட்டு மாற்றிப் பயனில்லை. டிங்கரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கீல் சரியாக இருந்தும் நகம் கொக்கியில் ஏற்ற இறக்கமாக மோதினால், கொக்கியின் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் நகர்த்தலாம். பழைய இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு தொடங்குங்கள். கோடு போடாமல் தொடங்கியவன் நான். அரை நாள் போயிற்று.

2. அழுக்கு எடுத்து, சரியான கிரீஸ் போடுங்கள்

செலவு 500 ரூபாய்க்குள் அடங்கும். நேரம் ஒரு கதவுக்குக் கால் மணி. பூட்டின் வாய்க்குள் டபிள்யூடி-40 போன்ற துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கறுப்பாக ஒழுகுவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்பு நிற்கும்வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஸ்பிரே அழுக்கைக் கரைக்கும், இறுகியதை விடுவிக்கும். ஆனால் நிலைத்து நிற்காது. காய்ந்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸைக் கொஞ்சமாக நகத்திலும் கொக்கியிலும் தடவுங்கள். கீலுக்கும் அதுவே.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக எல்லோரும் அதைத்தான் விடுகிறார்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கதவு திறக்கவில்லை, வெயில் ஏறியதும் திறந்துவிட்டது என்ற கதை உங்கள் வீட்டில் ஓடினால் காரணம் அந்த எண்ணெயாக இருக்கலாம்.

3. முழுதாகச் சிக்கும் வரை காத்திருக்காதீர்கள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த கதவில் பூட்டை மாற்ற மூன்று திருகாணிகள்; ஒரு மணி நேர வேலை. மூடிய நிலையில் சிக்கிய கதவில், கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடின் ஓரங்கள் தூணுக்கும் இருக்கைக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். இருக்கையைக் கழற்ற வேண்டும், பேடு உடையலாம். கூலி இரண்டு மூன்று மடங்கு ஆகும். பானெட்டும் அப்படித்தான்.

உள்ளிருந்து திறக்காத கதவை ஓட்டுநர் இறங்கி வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவது நாளடைவில் வீட்டுப் பழக்கமாகிவிடும். என் வீட்டில் ஆகிவிட்டிருந்தது. மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறினாலோ, கம்பி உருகிப் புகை வந்தாலோ பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி எப்படி இறங்குவார் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

4. டோர் பேடைக் கழற்றுவது

வீட்டிலேயே செய்ய முடிகிற வேலைதான், அவசரம்தான் கெடுக்கும். தேவையானவை: நட்சத்திரத் திருப்புளி, தட்டையான திருப்புளி, 10 எண் ஸ்பேனர், பழைய வேட்டித் துணியில் கிழித்த ஒரு பட்டை, திருகாணி போட ஒரு கிண்ணம். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடிக் குழிக்குள் ஒன்று, கை வைக்கும் இடத்துக்கு அடியில் இரண்டு என்று திருகாணிகள் மறைந்திருக்கும். சிலவற்றின் மேல் சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் கார் என்றால், அந்தச் சுற்றுக் கைப்பிடியைப் பிடித்திருப்பது திருகாணி அல்ல, பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு கம்பி கிளிப். துணிப் பட்டையைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் செருகி, முதுகு தேய்ப்பதுபோல இரு பக்கமும் மாறி மாறி இழுங்கள். கிளிப் துள்ளி விழும். எங்கே விழுகிறது என்று பார்க்க இன்னொருவர் வேண்டும். என்னுடையது பக்கத்து வீட்டுத் துளசி மாடத்தில் கிடைத்தது.

பிறகு பேடைக் கீழ் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினால் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். இரண்டு மூன்று உடையத்தான் செய்யும். முன்னதாகவே பத்து கிளிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 120 ரூபாய் ஆயிற்று.

பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் தெரியும். மெக்கானிக்குகள் பலர் இதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் வழியும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். வேலை முடிந்து முதல் மழையில் கால்மிதியடி நனைந்தால் காரணம் இதுவே. பசையோடு மெதுவாக உரித்து, அதே பசையில் திரும்ப ஒட்டுங்கள்.

உள்ளே கைவிடும்போது தகரத்தின் விளிம்பு கத்திபோல் இருக்கும். முழுக்கைச் சட்டை நல்லது. ராடுகளின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை இழுக்காமல், பக்கவாட்டில் சுழற்றி விடுவியுங்கள். கதவு ஓரத்தில் இருக்கும் மூன்று திருகாணிகள் இறுகிக் கிடக்கும். பொருத்தமான திருப்புளியை வைத்து, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருகுங்கள். திருகாணியின் தலை மழுங்கிவிட்டால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றன. ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். கண்ணாடியை ஒட்டிய வெளி ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள் (நான்கு கதவுக்கும் எனக்கு 900 ரூபாய்). இல்லாவிட்டால் அதே தண்ணீர் புதுப் பூட்டையும் துருப்பிடிக்க வைக்கும்.

5. உதிரி வாங்குவது

சென்னையில் புது உதிரிக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய உதிரிக்குப் புதுப்பேட்டை. மற்ற ஊர்க்காரர்களுக்கு நிறுவனத்தின் உதிரிபாகக் கவுண்ட்டர். எங்கே போனாலும் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்ட்டரில் சேசிஸ் எண்ணைத் தட்டித்தான் சரியான பாகத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு பூட்டு மாறியிருக்கும்.

இடது, வலது என்பது காருக்குள் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது உள்ள இடது, வலது. நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் பக்கம் வலது. காருக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு நான் ‘வலது பின்கதவு’ என்று கேட்டு வாங்கினேன். 700 ரூபாய் போயிற்று. பழைய உதிரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு இடதுக்குப் புதுப் பூட்டாகவே 1,650 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

பழைய பூட்டு வாங்குவதில் தவறில்லை. கையில் திருப்புளி கொண்டுபோய், முதல் படியில் சொன்ன ‘க்ளிக், க்ளிக்’ சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். ரசீது தரமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பாகம் கைக்கு வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பழைய பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் உறுதியான வழி. ஆனால் பூட்டில்லாத கதவோடு காரைத் தெருவில் விட முடியாது. காலை எட்டு மணிக்குக் கழற்றி, பத்து மணிக்குக் கடையில் நின்று, மதியத்துக்குள் மாட்டிவிடும் நாளாகப் பாருங்கள். ஞாயிறு வேண்டாம், கடை இருக்காது.

6. பானெட்

நெம்புகோலை இழுத்தால் கேபிள் பூட்டை விடுவிக்கிறது. பானெட் ஒரு விரல் அளவு எழும்பி, இரண்டாவதாக இருக்கும் பாதுகாப்புக் கொக்கியில் நிற்கிறது. விரலை உள்ளே விட்டு அந்தக் கொக்கியைத் தள்ளினால் முழுதாகத் திறக்கும். இந்த இரண்டில் எது இறுகினாலும் உடனே கவனியுங்கள். நெம்புகோல் வழக்கத்தைவிடக் கனமாக இருப்பது, இரண்டாம் முறை இழுத்தால் திறப்பது, இழுத்தபின் தானே பழைய இடத்துக்குப் போகாமல் தொங்குவது — இவை கேபிளின் நரம்புகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருப்பதற்கான அறிகுறிகள். புது கேபிள் எனக்கு 380 ரூபாய். திறந்த பானெட்டில் மாற்றியிருந்தால் கூலி 300 ரூபாய் ஆகியிருக்கும் என்றார் மெக்கானிக். மூடிய பானெட்டைத் திறந்து மாற்றியதற்கு 1,800 வாங்கினார். அதற்குள் முன் கிரில் உடைந்தது; அது 1,450.

மூடிய நிலையில் சிக்கிவிட்டால் இந்த வரிசையில் போங்கள். முதலில், ஒருவர் நெம்புகோலை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பூட்டுக்கு நேர் மேலே பானெட்டை இரு உள்ளங்கையாலும் கீழே அழுத்தி அழுத்தி விடட்டும். பூட்டின் மேல் இருக்கும் இறுக்கம் தளர்ந்து பல நேரம் இதிலேயே திறந்துவிடும். நெம்புகோல் மட்டும் உடைந்திருந்தால், உறைக்குள் இருக்கும் கம்பி நுனியைக் குறடால் கவ்வி இழுங்கள். கேபிள் பூட்டுப் பக்கம் அறுந்திருந்தால் அதற்குமேல் நீங்கள் முயல வேண்டாம். கிரில் வழியாகவோ அடியிலிருந்தோ நீண்ட திருப்புளியால் பூட்டைத் தட்ட வேண்டும். வழியில் ரேடியேட்டர் இருக்கிறது, அதன் தகடுகள் அப்பளம் மாதிரி. எஞ்சின் சூடாக இருந்தால் சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் விசிறி தானே சுழலும். எஞ்சின் ஆறாமல் யாரையும் கைவிட விடாதீர்கள்.

கேபிள் மாற்றும்போது ஒரு சூட்சுமம். பழைய கேபிளின் நுனியில் நைலான் நூலைக் கட்டிவிட்டு உருவினால், நூல் அதே பாதையில் நிற்கும். புது கேபிளை நூலில் கட்டி இழுத்தால், எஞ்சினுக்கும் கார் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரின் ரப்பர் துளை வழியாகத் தானே வந்து சேரும். என் மெக்கானிக் இதைச் செய்தபோது ‘ஊசியில் நூல் கோர்ப்பதுதான் சார்’ என்றார். செய்யாதவர்கள் துளையைத் தேடி ஒரு மணி நேரம் தடவிக்கொண்டிருப்பார்கள். அதற்கும் கூலி உங்களுடையது.

வேலை முடிந்ததும் பானெட்டை மூடிவிடாதீர்கள். திறந்த நிலையிலேயே திருப்புளியால் பூட்டை அழுத்திப் பூட்டி, நெம்புகோலை இழுத்துப் பாருங்கள். மூன்று முறை திறந்தால்தான் மூட வேண்டும். பாதுகாப்புக் கொக்கியை விரலால் தள்ளிவிட்டால் அது ஸ்பிரிங் விசையில் தானே திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அந்தக் காரில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. மூடும்போது ஏறக்குறைய ஓர் அடி உயரத்திலிருந்து விடுங்கள். பிறகு விளிம்பைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். கையால் குத்தி மூடினால் தகரம் குழியும்.

பூட்டு பிடிக்கவில்லை என்று கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேகத்தில் காற்று அடியில் புகுந்தால் பானெட் எழும்பி முன் கண்ணாடியில் அறையும், சாலை தெரியாது. அப்படி நேர்ந்துவிட்டால் திடீரென்று பிரேக்கை மிதிக்காமல், அபாய விளக்கைப் போட்டு, பானெட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே தெரியும் கீழ்ச் சந்து வழியாகவும் பக்கக் கண்ணாடி வழியாகவும் பார்த்து, வேகத்தைக் குறைத்து இடது ஓரத்துக்குப் போங்கள்.

7. சென்ட்ரல் லாக்

நான்கு கதவும் ஒரே நாளில் செயலிழந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து, ஓட்டுநர் கதவுக்கும் தூணுக்கும் இடையே இருக்கும் ரப்பர் குழாய். ஆண்டுக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்திருக்கும். ஒரு கதவு மட்டும் என்றால் அந்தக் கதவின் மோட்டார். எனக்கு 250 ரூபாய். கார் வாங்கிய பிறகு வெளியில் பொருத்திய செட் என்றால், ஓட்டுநர் கதவு மோட்டாரில் பெரும்பாலும் ஐந்து கம்பி, மற்றவற்றில் இரண்டு. கடையில் எந்தக் கதவுக்கு என்று சொல்லி வாங்குங்கள்.

8. சாவியும் காப்பீடும்

சாவி திரும்பவில்லை என்றால் பூட்டைக் குறை சொல்வதற்கு முன், பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் தேய்ந்தது சாவிதான். நகல் எடுக்கும்போதும் இரண்டாவது சாவியைக் கொடுங்கள்; தேய்ந்ததைக் கொடுத்தால் தேய்மானத்தோடு சேர்த்து நகல் வரும். சாவித் துளைக்குள் எண்ணெயோ கிரீஸோ விடக் கூடாது, புழுதி ஒட்டும். கிராஃபைட் தூள் போதும்.

ஓட்டுநர் கதவின் சாவி உருளையை மட்டும் மாற்றினால் கதவுக்கு ஒரு சாவி, எஞ்சினுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடும். பழைய சாவிக்குப் பொருந்துமாறு உருளையின் உள்தகடுகளை மாற்றிக் கொடுக்கும் சாவிக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு 600 ரூபாயில் முடிந்தது. ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்பவரிடமே வேலையைக் கொடுங்கள். சாவி தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் வழக்கமான மோட்டார் காப்பீடு பணம் தராது. அந்த நினைப்பு வேண்டாம். ஆனால் கார் திருடு போனால் எல்லாச் சாவிகளையும் கேட்பார்கள். உருளை மாற்றிய ரசீதையும் பழைய சாவிகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

9. பதிவு புதுப்பிப்புக்கு முன்

பதிவு முடியும் நாளுக்கு 60 நாள் முன்பே படிவம் 25 கொடுக்கலாம். நான் கடைசி வாரத்தில் போனேன். தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000. பசுமை வரி தனி. ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்றிதழ் மூன்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

பூட்டு வேலைகளை இந்த 60 நாளின் முதல் இரண்டு வாரத்தில் முடித்துவிடுங்கள். உதிரி வர ஒரு வாரம் ஆகலாம். போவதற்கு முந்தின நாள் நான்கு கதவையும் உள்ளும் வெளியும் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு பானெட்டைத் திறந்து, சேசிஸ் எண்ணின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். இரண்டாம் முறை போனபோது பானெட் முதல் இழுப்பிலேயே திறந்தது. ஆனால் பிசுக்கின் மேல் வைத்த தாளில் பென்சில் தேய்த்து அச்சு எடுத்தால் ஏழு இலக்கங்கள்தான் விழுந்தன. ஆய்வாளர் மறுபடி ஓரமாக நிற்கச் சொன்னார். துணி தேடிக்கொண்டு நான் டீக்கடைக்கு ஓடினேன்.